ஆறரை பவுண்டு ரைஃபிளும் ஒரு சில்லி அண்டாவும்

எங்கள் ஊர் துப்பாக்கிக் கழகத்தின் மலைப் போட்டியில் எனக்கு ஒரு நிரந்தரப் பதவி உண்டு. சில்லிக்காரி. செப்டம்பரில் மற்றவர்கள் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஏறி, வழியெங்கும் தொங்கும் இரும்புத் தட்டுகளைச் சுட்டுக்கொண்டே போவார்கள். நான் அடிவாரத்தில் நின்று, பீன்ஸும் எல்க் மான் கறியும் மிளகாய்க் காரத்தில் வேகும் சில்லிக் குழம்பு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருப்பேன். சுடத் தெரியாதவள் இல்லை. மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால் தட்டுகளுக்கு என்னைக் கண்டால் பயம்தான். ஆனால் மலைக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

இந்த வருடம் கழகக் கூட்டத்தில் நானே எழுந்து, "நான் ஏறப்போறேன்" என்றேன்.

போட்டியை நடத்துபவன் டுவெய்ன். பள்ளிக்கூட பஸ்ஸில் அவனை ஏற்றி இறக்கியவள் நான். சீட்டுக்கு அடியில் பபிள்கம் ஒட்டிய பயல் இன்றைக்குத் தலைவர்.

"தாராளமா வாங்க லவோன். லேடீஸுக்குன்னு சின்னத் தோட்டாப் பிரிவு இருக்கு."

"பெரிய தோட்டாவுக்கு என் பேரை எழுது."

கூட்டம் சிரித்தது. பெரிய தோட்டா என்றால் போர்க்கள ரைஃபிள். விசையை இழுக்க இழுக்க ஒவ்வொரு குண்டாகப் போகும், அடுத்தது தானாகவே ஏறிக்கொள்ளும். அதை மேலே கொண்டுபோய் அவரவர்தான் கீழே கொண்டுவர வேண்டும். வேறு யாராவது ஒரு நொடி கையில் வாங்கினாலும் ஆட்டம் காலி.

"உங்க உயரத்துக்கு அது உங்களைத் தூக்கிட்டுப் போகும்," என்றான் டுவெய்ன். பிறகு உண்மையான கவலை வெளியே வந்தது. "அப்ப சில்லி யாரு பண்றது?"

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "நான் ஏறி இறங்கிட்டேன்னா, இனிமே சில்லின்னு எங்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

"முடியலைன்னா?"

"சாகிற வரைக்கும் அண்டா என்னுது."

வாய்க்கொழுப்பு. எல்லோரும் கை தட்டி அதை உறுதி செய்தார்கள்.

வீட்டில் என் கணவன் ஆரினுடைய பழைய ரைஃபிள் அலமாரியில் இருந்தது. கையை நீட்டினேன். "அது உனக்குக் கனம் கண்ணு," என்றான். அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னால் நான் எதையும் நம்புவேன், அது என் வியாதி. ஆக, எனக்கென்று எடை குறைந்த ஒன்றைப் பாகம் பாகமாகச் சேர்ப்பது என்று முடிவானது.

மொன்டானாவில் ஒரு பெண் துப்பாக்கிக் கடையில் கால் வைத்தால் போதும், அங்கே காபி குடிக்க வந்தவன்கூட ஆலோசகர் ஆகிவிடுவான். ஒருவன் ஊதா நிறத்தில் ஒன்றைக் காட்டினான். இன்னொருவன் கைப்பைக்குள் அடங்குவதைக் காட்டினான். "தம்பி, மலை ஏறப்போறேன், மாலுக்கு இல்ல," என்றதும் ஆளாளுக்கு எடை சொல்லத் தொடங்கினார்கள். ஏழு பவுண்டு. ஆறே முக்கால். டுவெய்னுடையது ஆறரையாம்.

அந்த ஆறரை பவுண்டைப் பார்த்துவிடுவோம் என்று மைதானத்துக்குப் போனேன். வேட்டையில் கறித் தொடையைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசையும் எடுத்துப் போயிருந்தேன். டுவெய்னுடையதை மாட்டினால் முள் ஒன்பதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"ஸ்கோப், தோட்டா மேகசின், தோள்வார் எல்லாம் சேர்த்தா நிறுக்கிறீங்க?" டுவெய்ன் பதறினான். "வெறும் ரைஃபிளைத்தான் சொல்லணும். அதுதான் வழக்கம்."

"அப்ப நீ மலைக்கு வெறும் ரைஃபிளைத்தான் தூக்கிட்டுப் போவியா?"

எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் எடை சொல்கிறார்கள், குளியலறையில் துணியைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறுகிறவர்களைப் போல. கோபத்தை மறைக்க, "சுட்டுப் பாருங்க" என்று அதை என்னிடம் நீட்டினான். சுட்டேன். தோளில் யாரோ கட்டையால் போட்டது போல் இருந்தது. எடை குறையக் குறைய உதை கூடும் என்று இந்த ஆலோசகர்களில் ஒருவனாவது வாயைத் திறந்தானா? ஆனாலும் நான் விடவில்லை. அவன் ஒன்பதென்றால் நான் எட்டு என்று ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது.

பாகங்கள் வரத் தொடங்கின. பென்சில் போல் மெல்லிய குழல் வந்தது. கார்பன் நாரில் செய்த தோள்கட்டை வந்தது. எங்கள் தபால்காரி பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, "உள்ள ஏதாவது இருக்கா?" என்றாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவுன்ஸ் பைத்தியம் பிடித்தால் கடைசியில் திருகாணிகளைக்கூட ஒவ்வொன்றாகத் தராசில் போடத் தோன்றும். போட்டேன்.

இந்த ரைஃபிளில் ஒரு வில்லங்கம் உண்டு. சின்னத் தோட்டா ரைஃபிளுக்கு எந்தக் கடையில் எந்தப் பாகம் வாங்கினாலும் சமத்தாகப் பொருந்திவிடும். பெரியதில் இரண்டு கட்சி. ஒரு கட்சியின் பாகம் மற்றக் கட்சியின் உடம்பில் உட்காராது, பார்வைக்கு மட்டும் இரண்டும் அச்சு அசல். ஆரின் ஆரம்பத்திலேயே எச்சரித்தான். நானும் ஒவ்வொரு கடையிலும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். கடைசியில் பாக்கி இருந்தது குழலைச் சுற்றிப் பிடிக்கும் முன்பிடி ஒன்றுதான். துப்பாக்கிச் சந்தையில், மாட்டிறைச்சி வற்றலும் பழைய பட்டாளத்து டப்பாக்களும் விற்கும் மேசையில் அது கிடைத்தது. இறகு போல் இருந்தது.

"எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

"அம்மா, இது எதுலயும் உக்காரும்."

இறகு கையில் இருக்கும்போது புத்தி எங்கே இருக்கும்? வாங்கிவிட்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் சமையலறை மேசையில் எல்லாவற்றையும் பரப்பி ஆரின் பூட்டத் தொடங்கினான். முன்பிடி போய் முட்டிக்கொண்டு நின்றது. திருப்பிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"எதிர்க்கட்சி," என்றான்.

"தேய்ச்சு உக்கார வைக்க முடியாதா?"

"முடியாது கண்ணு. சரியானது வரணும்னா ரெண்டு மூணு வாரம் ஆகும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரைஃபிளுக்காக இல்லை. சாகிற வரைக்கும் அண்டா என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேனே. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விதி என்று பீன்ஸை அண்டாவில் கொட்டித் தண்ணீர் நிரப்பினேன். வார்ப்பிரும்பு அண்டா. வருடாவருடம் செய்வது போல் இடுப்பில் அணைத்துத் தூக்கி, படியிறங்கி, வண்டியை நோக்கி நடந்தேன். ஆரின் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

பாதி வழியில் என் கால்கள் நின்றுவிட்டன.

"ஆரின், அந்தத் தராசைக் கொண்டா."

அண்டாவைத் தொங்கவிட்டோம். முள் நாற்பதைத் தாண்டிப் போனது. அவன் முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ஷூவைப் பார்த்தான்.

"உன் பழைய ரைஃபிள் எவ்வளவு?"

"எல்லாம் சேர்த்துப் பத்து."

"அது எனக்குக் கனம்னு சொன்னியே?"

"எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க..."

இத்தனை வருடமாக இந்தப் பூதத்தைச் சுமந்த இடுப்பு இது. இதை வைத்துக்கொண்டு நான் திருகாணியை நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அண்டாவை அவன் காலடியில் வைத்தேன்.

"இது உன்னுது. ரைஃபிள் எனக்கு."

"எனக்குச் சில்லி பண்ண வராதே!"

"எனக்கு ரைஃபிள் தூக்க வராதுன்னுதான் சொன்னாங்க."

அன்று மத்தியானமே மைதானத்தில் அந்தப் பழசைத் தோளில் வைத்துப் பார்த்தேன். கனமான ரைஃபிள், உதையைத் தானே விழுங்கிக்கொண்டது. தட்டுகள் டங் டங்கென்று பதில் சொல்லின.

மலை சுலபமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். மேலே போகப் போக மூச்சு முட்டியது. முதல் மூன்று தட்டுகளில் ஒன்றைத் தவறவிட்டேன். சரளைக் கல் சரிவில் வழுக்கி உட்கார்ந்தபோது, பின்னால் வந்த டுவெய்ன் கையை நீட்டினான்.

"ரைஃபிளைக் குடுங்க லவோன், எந்திரிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிறேன்."

நல்ல மனதா, குறும்பா? அவன் முகத்தைப் பார்த்தேன். பபிள்கம் காலத்து முகம்.

"கையை எடுடா."

முட்டியை ஊன்றி எழுந்தேன். உச்சியில் கடைசித் தட்டைச் சுட்டுவிட்டு இறங்கும்போது எனக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். அதனாலென்ன, ரைஃபிள் என் தோளை விட்டு இறங்கவில்லை. டுவெய்ன் தன் லேசான ரைஃபிள் உதைத்த தோளைத் தேய்த்துக்கொண்டே, "முடிச்சிட்டீங்க. பேச்சு பேச்சுதான்," என்றான். அந்த நிமிஷம் எனக்கு இருபது வயது.

அடிவாரத்தில் ஏப்ரன் கட்டிய ஆரினுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. பாவம், என்னத்தைக் கிண்டி வைத்திருக்கிறானோ என்று ஒரு கரண்டி வாயில் வைத்தேன்.

பிரமாதம். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எதையோ வறுத்துப் போட்டிருந்தான், கடைசியில் துளி டார்க் சாக்லெட்கூட.

"உனக்குச் சில்லி பண்ணத் தெரியுமா?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"நீ பண்றதைப் பாத்துப் பாத்துதான்... தெரியும்னு எனக்கே இப்பத்தான் தெரியும்."

இத்தனை வருடம்! கரண்டியை அவன் மேலேயே எறிந்திருப்பேன், ருசிதான் தடுத்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் சில்லியோடு சேர்த்து விழுங்கினேன்.

டுவெய்ன் வாய் நிறைய மென்றபடி கூட்டத்துக்கே கேட்கும்படி கத்தினான். "கேட்டுக்கங்கப்பா, அடுத்த வருஷமும் ஆரின்தான் சில்லி! இந்தக் கைமணம் வேற யாருக்கு வரும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். கரண்டியும் கையுமாக நின்ற ஆரின், காப்பாற்று என்பது போல் என்னைப் பார்த்தான். அடுத்த வருடம் என்னோடு மலை ஏற வேண்டும் என்று அவனுக்கு ஆசை இருந்திருக்கலாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவான். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

நான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கை தட்டினேன்.