கைசரின் கழுத்துக் கம்பி

மிருக டாக்டர் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கைசரின் கழுத்துக் கம்பியை அறுத்தாக வேண்டும்.

கம்பி தோலுக்குள் இறங்கியிருந்தது. புண்ணில் புழு. மயக்க மருந்து கொடுத்தால் இந்த வயதில் நெஞ்சு தாங்காது, வலைபோட்டு அமுக்கினாலும் அதேதான் என்று போன தடவையே கையை விரித்துவிட்டார். நாய் தானாகக் கழுத்தைக் காட்டினால் பிழைக்கும். இல்லாவிட்டால் இன்றைக்குக் கடைசி ஊசி.

பக்கத்து விளையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த பொன்னுதாஸின் நாய் அது. அவர் இறந்தபின் மகன் அதை வீட்டின் பின்னால் கம்பியால் கட்டிப்போட்டான். மதிலுக்கு அப்பால் நின்று சோறு எறிவான். பிறகு அதுவும் நின்றது. குளத்தூரில் யாரும் கேட்கவில்லை. ரப்பர் ஷீட் அடிக்கும் லிஷாதான் போய் மரத்தில் கட்டியிருந்த கம்பி நுனியை வெட்டிவிட்டு, சோற்றைக் காட்டிக் காட்டித் தன் விறகுப்புரை வரை நடத்திவந்தாள். அதற்குமேல் அது அவளை நெருங்க விடவில்லை.

தினமும் ஷீட் வேலை முடித்து, ரப்பர் பாலும் ஆசிட்டும் நாறும் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் நாயிடம் போவாள். அது பல்லைக் காட்டும். போன வாரம் முழங்கையைக் கிழித்தது.

"பெண்ணுகாண ஆளு வாறது போலயாக்கும் நீ சோப்பு போடுதது," என்றான் அவள் கணவன் ஜித்தின். "மாப்பிள்ளைக்குத்தான் ஒன்னப் பிடிக்கல்ல."

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு கடி விழுந்தால் ஊசிக்கு நானே சம்மதம் சொல்லிவிடுவேன் என்றான், குரலைத் தாழ்த்தி.

இன்று அவள் டிஷ்ஷில் ஊற்றிய ரப்பர் பால் உறைய ஆசிட் கலந்துகொண்டிருந்தபோது ஜீப் சத்தம் கேட்டது. டாக்டர் சீக்கிரமே வந்துவிட்டார். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

விறகுப்புரையின் மூலையில் கைசர் எழுந்து உறுமியது. லிஷா மண்டியிட்டுக் கையை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் கை கழுவாதது நினைவுக்கு வந்தது. சடக்கென்று இழுத்தால் கவ்விவிடும். அப்படியே வைத்திருந்தாள்.

உறுமல் பாதியில் அறுந்தது. விரல்களுக்கிடையில் மூக்கு நுழைந்தது. நகத்தோரம் உறைந்திருந்த ரப்பர் பாலை நாய் நக்கியது. கொஞ்ச நேரம். மறுபடியும்.

பொன்னுதாஸின் கையும் இப்படித்தான் நாறியிருக்கும். தினமும் எதைக் கழுவித் தொலைத்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

கைசர் தலையை அவள் முழங்காலில் வைத்தது.

பிளேயரின் நுனியைக் கம்பிக்கு அடியில் கொடுக்கப் புண்ணுக்குள் தள்ள வேண்டியிருந்தது. தள்ளினாள். நாயின் உடம்பு முழுக்க நடுங்கியது. தலை திரும்பியது. அவளுடைய இடது மணிக்கட்டு அதன் வாய்க்குள் இருந்தது. பற்கள் தோலில் பட்டன. அழுத்தவில்லை. விடவும் இல்லை.

வலது கையால் பிளேயரை இறுக்கத் தொடங்கினாள்.

வாசலில் ஜித்தினின் நிழல் விழுந்தது.

"லிஷா, டாக்டரு ஊசி எடுக்கட்டான்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?"