இரண்டு போதும், வீடு சிரிக்கும்

மூணாவது என்பதுதான் அவளுக்கு வீட்டில் பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறு ஒன்று இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அக்கா முதல், அண்ணன் இரண்டு, இவள் மூன்று. கடைசிப் பிள்ளையைச் செல்லமாக அப்படி அழைக்கிறார்கள் என்று தெருவில் நினைத்தார்கள். செல்லமாவது வெல்லமாவது! அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் அரசாங்கமே நின்றது.

அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு எதையும் போஸ்டர் போட்டுச் சொன்னால்தான் தூக்கம் வரும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கொசுவை வளரவிடாதே, சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்து வை, மரம் நடு, இரவுப் பள்ளிக்குப் போ. அத்தனையும் அச்சானது அரசு அச்சகத்தில். அங்கே பெரிய இயந்திரத்தை ஓட்டியவர் அவளுடைய அப்பா. நாட்டுக்கே புத்தி சொல்லும் தாள்கள் என் கையால்தான் வெளியே போகின்றன என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. சிரிக்கவே சிரிக்காத மனிதர். அச்சகத்தில் அவருக்கு ஈயக்கட்டி என்று பட்டப்பெயர்.

அந்த ஈயக்கட்டிதான் ஒரு போஸ்டரில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா, வாயைப் பொத்தவும் மறந்து. முன்னால் அக்காவும் அண்ணனும், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து. கீழே கொட்டை எழுத்தில்: ‘இரண்டு போதும், வீடு சிரிக்கும்.’ மருத்துவமனை, தபால் நிலையம், ரேஷன் கடை, பஸ்ஸின் முதுகு என்று அந்த நாலு பேரும் இல்லாத இடமில்லை. பத்து வருஷம் நாட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணனுக்குப் ‘போஸ்டர் பையன்’ என்ற பெயர் அப்போது ஒட்டியது, இன்னும் உரியவில்லை.

படம் எடுத்தபோது மூணாவதுக்கு நாலு வயது. யாரோ கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தியது மட்டும் நினைவில் இருந்தது. மற்றதெல்லாம் பிறகு நடந்தது. “போஸ்டர்ல நீ இல்லையே, உன்னை எங்கிருந்து தூக்கிட்டு வந்தாங்க?” என்று பள்ளியில் கேட்டார்கள். ஒரு தடவை அச்சகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி வீட்டுக்கு வந்தபோது, “யாராவது கேட்டா பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிடு கண்ணு,” என்று அம்மா காதோடு சொன்னாள். மூணாவதும் அப்படியே சொன்னாள். அதிகாரி போன பிறகும் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் போஸ்டரைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அவரை நோகவும் முடியவில்லை. வெளியே தெரிந்தால் போஸ்டரும் கேலிக்கூத்து, வேலையும் போய்விடும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

வளர்ந்து அவள் பஸ் ஓட்டுநரானாள். அவளுக்கு முதன்முதலில் கொடுத்த பஸ்ஸின் பின்னால் அந்தப் போஸ்டர் தகரத்தில் இன்னும் இருந்தது, வெயிலில் வெளுத்துப்போய். முதுகில் நாலு பேரும் சிரிக்க, முன்னால் அவள் வண்டியை ஓட்டினாள். வழியெல்லாம் பின்னால் வருகிறவர்கள்தான் குடும்பத்தைப் பார்த்தார்கள். அவள் ஒருநாளும் பின்பக்கம் போய் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை.

இப்போது அருங்காட்சியகத்தில் பழைய அரசு போஸ்டர்களுக்கு ஒரு கண்காட்சி. திறப்பு விழாவில் ‘சிரித்த குடும்பத்தை’ மேடையேற்றி மரியாதை செய்யப்போவதாக அழைப்பு வந்தது. அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மா, அக்கா, அண்ணன், மூன்று பேருக்கு மூன்று நாற்காலி. அண்ணனின் காரை ஓட்ட ஆள் வேண்டுமே, மூணாவது ஓட்டினாள்.

“அம்மா, மேடையில மைக்கைக் கொடுத்தா வாழ்த்து மட்டும் சொல்லுங்க,” என்றான் அண்ணன் பின் இருக்கையிலிருந்து. “பழசையெல்லாம் கிளறாதீங்க. பத்திரிகைக்காரங்க வருவாங்க. போஸ்டரே பொய்னு எழுதி, அப்பா பேரை நாறடிச்சுடுவாங்க.”

“அவ காதுல விழுற மாதிரியா பேசுவ?” என்றாள் அக்கா.

“அவளுக்குத் தெரியாததா? நம்ம மூணாவதுதானே.”

மூணாவது கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு நாளாவது அம்மா வாயிலிருந்து ‘எனக்கு மூணு’ என்று வருமா? ஊர் முன்னால் ஒரே ஒரு தடவை. ஓய்வு பெறப்போகும் வயதில் இப்படி ஆசைப்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஆசைப்பட்டாள்.

கூடத்தில் சுவர் முழுக்கப் போஸ்டர்கள். கொசுவை எட்டி உதைக்கும் தாத்தா, பானைமேல் மூடி வைக்கும் பெண், சிலேட்டைத் தூக்கிப் பிடித்த கூலிக்காரர். எத்தனை நிறம், எத்தனை நறுக்கான எழுத்து! எல்லாம் அப்பாவின் இயந்திரத்தில் சுற்றி வந்தவை. தாள்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அந்தப் படம். அவள் கீழே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதை முழுசாக நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

காப்பாட்சியர் இளம்பெண், கலகலப்பானவள். எல்லோரையும் அறிமுகப்படுத்திவிட்டுப் படத்தைக் காட்டினாள். “எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். இந்தப் படத்துல நாலு பேரும் கேமராவைப் பாக்கவே இல்லை, கவனிச்சீங்களா? எல்லார் பார்வையும் பக்கத்துல, கொஞ்சம் கீழே போகுது. அம்மா, நீங்க யாரைப் பாத்து இப்படிச் சிரிச்சீங்க?”

மூணாவது படத்தைப் பார்த்தாள். ஆமாம். நாலு பேரின் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது. இடுப்பு உயரத்தில் எதையோ பார்த்தார்கள்.

அண்ணன் அவசரமாக மைக்கை வாங்கினான். “போட்டோகிராபரோட உதவியாள் யாராவது நின்னிருப்பாங்க…”

“உதவியாளும் இல்லை, ஒருத்தனும் இல்லை. கொடுடா இங்கே,” என்று அம்மா மைக்கைப் பிடுங்கினாள். எண்பது தாண்டிய கை, ஆனால் பிடி உடும்புப்பிடி. “எனக்குப் பிள்ளைங்க மூணு.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நடிக்க வேண்டியவங்க அன்னைக்கு வரலை. நான் அச்சகத்துக்கு எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன், மூணையும் கூட்டிக்கிட்டு. அதிகாரி எங்களைப் பாத்துட்டு, ‘குடும்பம் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணு அதிகம்’னு சொல்லி, சின்னதை இழுத்து கேமரா பக்கத்துல நிறுத்திட்டாரு. படம் எடுக்க ஆரம்பிச்சா, எங்க வீட்டுக்காரர் சிரிக்கணுமே! கெஞ்சிப் பாத்தாங்க, அதட்டிப் பாத்தாங்க. சாயங்காலம் ஆயிடுச்சு. அதிகாரி தொப்பியும் தொந்தியுமா அங்குமிங்கும் நடந்து கத்துறாரு. இவ என்ன செஞ்சா தெரியுமா? குப்பைக் காகிதக் கூடையை எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டு, வயித்தை முன்னால தள்ளிக்கிட்டு, அவர் பின்னாலேயே அவர் மாதிரியே நடந்தா. எங்க வீட்டுக்காரர் வெடிச்சுட்டாரு! நாங்களும்தான். அந்த நேரம் பாத்து எடுத்த படம் இது. தான் அதட்டினதுலதான் சிரிச்சாங்கன்னு அதிகாரி கடைசிவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தாரு.”

கூடம் கைதட்டிச் சிரித்தது. மூணாவது சிரிக்கவில்லை.

“அம்மா,” என்றாள், எழுந்து நின்று. “இதை ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்லை?”

அம்மா திகைத்துப்போனாள். “செஞ்சவ நீ! உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்?”

“எனக்கு நாலு வயசும்மா!”

“அடிப்பாவி…” அம்மாவின் கை மைக்கோடு மடியில் இறங்கியது. பிறகு மறுபடி எடுத்தாள். “உங்கப்பா மெஷின் பக்கத்துல இந்தப் படத்தை ஒட்டி வெச்சிருந்தாரு. தன் மூஞ்சியத் தானே ரசிக்கிறார்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. என்கிட்ட மட்டும் சொல்லுவாரு, ‘லட்சக்கணக்குல அச்சடிச்சாச்சு. எல்லாத்துலயும் மூணாவது இருக்கா. பாக்கிறவனுக்குத்தான் தெரியலை’ன்னு.”

இத்தனை வருஷம் தான் இல்லாத படம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளே, நாடு முழுக்க ஒட்டிய அந்தச் சிரிப்பு அவள் கொடுத்தது. அப்பாவைச் சிரிக்க வைத்தவள் உலகத்தில் ஒரே ஒருத்தி, அதற்கு அரசாங்கமே சாட்சி. ஓட்டுநர் சீருடையில்கூட இவ்வளவு நிமிர்ந்து அவள் நின்றதில்லை.

“வாடி இங்கே,” என்றாள் அம்மா. காப்பாட்சியர் நாற்காலிக்கு ஆள் அனுப்பப் போனாள். அம்மா கையை ஆட்டித் தடுத்தாள். “நாற்காலி எதுக்கு? அவ இடம் கீழே. கேமரா பக்கத்துல.”

மூணாவது நடந்து போய், படம் பிடிக்கிறவர்களின் கும்பலுக்குள் நின்றாள். அங்கே சுவரோரம் ஒரு குப்பைக் கூடை இருந்தது, பிளாஸ்டிக்கில். அதிலிருந்த காகிதங்களைத் தரையில் கொட்டினாள். இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய, பேரன் பேத்தி எடுத்த பெண், கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

முதலில் அம்மா. பிறகு அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அண்ணன் பல்லைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்துவிட்டான். அவர்களுக்குப் பின்னால் சுவரில் அப்பா. நாலு பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் தோளைத் தொட்டார். “அம்மா, படத்தை மறைக்கிறீங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன்.”

“மாட்டேன் தம்பி,” என்றாள் மூணாவது, கூடையைக் கழற்றாமலே. “நான் நகர்ந்துட்டா அவங்க யாரைப் பாத்துச் சிரிப்பாங்க?”

அவர்தான் நகர்ந்துகொண்டார்.