கழகக் கைமாற்று

ஞானராஜுக்குத் தமிழ் நன்றாக எழுத வரும். அதுதான் அவரைக் கெடுத்தது.

விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க் அவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து யாருக்காவது ஒரு மனு எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போனதில்லை. கிணற்றுக் கடனோ, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதோ, எதுவானாலும் ஒற்றுப்பிழை இருக்காது, ஆங்கிலம் கலக்காது. தப்பித் தவறி 'அப்ளிகேஷன்' என்று எழுதிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இந்த மனுஷன்தான் பதினாலு வருஷமாக விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தின் செயலாளர். பொருளாளரும் அவரே. பொருள் ஒன்றும் இல்லாத இடத்தில் அந்தப் பதவிக்கு வேறு யார் வருவார்கள்?

எண்பத்தைந்தில் கழகம் மாவட்ட லீக்கின் முதல் டிவிஷனுக்கு ஏறியது. கூடவே கடனும் ஏறியது. பூட்ஸும் வலையும் கொடுத்த கடைக்கு இரண்டாயிரத்து முந்நூறு. கடலூரில் இருந்த மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்குப் பாக்கியும் அபராதமுமாக எண்ணூறு. போதாததற்கு, கோல்கீப்பர் பச்சைமுத்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். கண்டமங்கலத்திலிருந்து தினமும் சைக்கிளில் பாண்டிச்சேரி மில்லுக்குப் போய் வருகிறவன். ஆபரேஷன் செய்தால்தான் கை நேராகும், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆகும் என்றார் டாக்டர்.

"கிளப்பே கடன்ல கெடக்குது. என் கைக்குன்னு ஒத்தைப் பைசா எடுத்தீங்க, அப்புறம் நான் கிரவுண்டு பக்கமே வரமாட்டேன் சார்" என்றான் பச்சைமுத்து. சொன்னால் செய்கிறவன்தான்.

இந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து சுப்பராயலு ஆள் அனுப்பினார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில் வைத்திருப்பவர். நகராட்சித் தேர்தல் வருகிறது, சேர்மன் ஆக வேண்டும், இளவட்டங்களின் ஓட்டு வேண்டும். புதிதாக ஒரு டீம் ஆரம்பித்தால் முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிடும். அதனால் ஏற்கெனவே ஏறி நிற்கிற டீமையே எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். பனியனில் மில் பெயர் இருக்கும், ஆட்டம் திண்டிவனத்தில் நடக்கும். கடன் முழுக்க அவர் தலையில். விடிவெள்ளி என்ற பெயரையும் பதினோரு பேரையும் மாற்றக்கூடாது என்றார் ஞானராஜ். சரி என்றார் சுப்பராயலு. பொங்கல் கழித்துப் பத்திரம் எழுதலாம், இப்போதைக்கு ஐயாயிரம் முன்பணம் என்று முடிவாயிற்று.

மில் ஆபீஸில் கணக்குப்பிள்ளை சீனுவாசன் ரசீதுக்குத் தாளை நீட்டினார். "கிளப்பு விக்கறதுக்கு அட்வான்ஸுன்னு எழுதுங்க சார்."

ஞானராஜுக்குச் சுருக்கென்றது. "விக்கறதா? கழகம் என்னா சந்தையில நிக்கிற மாடா?"

"அப்ப டிரான்ஸ்பருன்னு எழுதுங்க."

அது ஆங்கிலம். ஞானராஜ் பேனாவின் மறுமுனையால் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு மணிமணியாக எழுதினார்: 'விடிவெள்ளி கால்பந்துக் கழகக் கைமாற்று வகையில், திரு. சுப்பராயலு அவர்களிடமிருந்து ரூபாய் ஐயாயிரம் பெற்றுக்கொண்டேன்.'

கழகம் கை மாறுகிறது, ஆகவே கைமாற்று. கைமாத்து என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாதா? மாசக் கடைசியில் அவரே பத்து இருபது கைமாத்து வாங்குகிற ஆள்தான். ஆனால் வாயில் வருகிற கைமாத்து ஒரு ரகம், பேனாவில் வருகிற கைமாற்று வேறு ரகம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. சீனுவாசன் அதை இரண்டு தடவை படித்தார். இருபது பைசா ஸ்டாம்பை நக்கி ஒட்டினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஞானராஜ் அந்த ஸ்டாம்பின் மேலேயே கையெழுத்தும் போட்டார்.

பணம் மூன்று நாளில் கரைந்தது. கடைக்காரன் வாங்கிக்கொண்டான், சங்கம் வாங்கிக்கொண்டது. மீதியை ஞானராஜ் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரி கவுன்டரில் கட்டினார். "சங்கத்துல ஆட்டக்காரங்களுக்கு ஒரு நிதி இருக்குது, அதுலேர்ந்து குடுத்தாங்க" என்று பச்சைமுத்துவிடம் சொன்னார். அவர் வாழ்க்கையில் கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

முதலாளி வந்துவிட்டார் என்று தெரிந்ததும் பழைய பாக்கியெல்லாம் உயிர்பெற்று எழுந்து வந்தது. என்றைக்கோ பனியன் வெளுத்தவர், கடலூருக்கு வேன் ஓட்டியவர், பந்தல் போட்டவர் என்று ஆளாளுக்கு ஒரு சீட்டோடு வந்தார்கள். எல்லாருக்கும் பொங்கல் கழித்து என்று சொல்லி அனுப்பினார்.

பொங்கலுக்கு முன்பே செய்தி வந்தது. சுப்பராயலுவுக்குக் கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. ஒரு வாரத்தில் தபாலும் வந்தது: கைமாற்றாகப் பெற்ற ரூபாய் ஐயாயிரத்தை மாத முடிவுக்குள் திருப்பித் தரவும்.

ஞானராஜ் அடுத்த பஸ்ஸிலேயே திண்டிவனம் போனார். சுப்பராயலு கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"சீட்டே இல்லன்னுட்டானுங்க ஞானராஜு. இனிமே பந்தை வெச்சிக்கினு நான் என்னா பண்றது?"

"அது அட்வான்ஸு முதலாளி. கழகத்தை நீங்க எடுத்துக்கறதா பேசித்தான..."

"பேசினோம். எழுதுனது என்னா? சீனுவாசா, படி."

சீனுவாசன் படித்தார். அவர் வாயில் அது 'கைமாத்து' என்றுதான் வந்தது. ஞானராஜ் குனிந்து தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறோம் என்று அந்த நேரத்திலும் மனசின் ஒரு மூலையில் தோன்றியது. அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"பேஜாரு பண்ணிக்காதீங்க. மாசம் எரநூறா குடுங்க. வட்டி வேணாம்" என்றார் சுப்பராயலு பெருந்தன்மையாக. "கைமாத்துக்கு எவனாச்சும் வட்டி வாங்குவானா?"

வீட்டில் அற்புதமேரி கணவன் சொன்னதை முழுதாகக் கேட்டாள். "வித்தேன்னு எழுதினா என்னா கொறைஞ்சி பூட்டிருக்கும் உங்களுக்கு?" என்றாள்.

பணம் போனால் போகிறது, இருபத்தைந்து மாசம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். கழகத்துப் பிள்ளைகளிடம் தன் பெயர் கெட்டுவிடக்கூடாது, அதுதான் அவருடைய பயமெல்லாம். ஆனால் சீனுவாசன் முறை தெரிந்தவர். ரசீதின் நகல் ஒன்றைக் கழக முகவரிக்கும் அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் பதினோரு பேரும் நின்றார்கள். நகல் பச்சைமுத்துவின் கையில் இருந்தது.

"கிளப்பு பேர்ல கைமாத்து வாங்கிக்கினு எங்ககிட்ட மூச்சு உடலியே சார்."

"கைமாத்து இல்லடா. கைமாற்று. கழகம் கை மாறுது இல்ல, அந்த அர்த்தத்துல..."

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

ஆமாம், இரண்டும் ஒன்றுதான். தமிழ் தெரிந்த யாரிடம் போய் அவர் இல்லையென்று வாதாடுவார்? கடை ரசீதையும் சங்க ரசீதையும் எடுத்துக் காட்டினார். மூவாயிரத்து நூறு. பச்சைமுத்து கூட்டிக் கழித்துப் பார்த்தான்.

"மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்?"

ஆஸ்பத்திரி ரசீது ஞானராஜின் சட்டைப்பையில்தான் இருந்தது. நகலைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தார். அத்தனை செலவு செய்தும் மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. இனி அவன் கோலில் நிற்பது சந்தேகம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பாழாய்ப்போன கைக்குத்தான் கழகம் பலியாயிற்று என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?

"செலவாயிடுச்சுப்பா" என்றார்.

யாரும் கத்தவில்லை. ஒவ்வொருவராகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். பச்சைமுத்து கடைசியாகப் போனான். "உங்களப் போயி சாமி மாதிரி நெனச்சிருந்தேன் சார்" என்றான். அவன் போன பிறகும் வெகுநேரம் சட்டைப்பையின் மேல் கையை வைத்தபடி ஞானராஜ் அங்கேயே நின்றார்.

அந்த வருஷ நுழைவுக் கட்டணத்தைக் கட்ட ஆள் இல்லை. சங்கம் பட்டியலிலிருந்து விடிவெள்ளியை நீக்கியது. பூசை முடிந்து மனு எழுத இப்போது யாரும் ஞானராஜைத் தேடுவதில்லை. தேடினாலும் அவர் நிற்பதில்லை.

மாசம் பிறந்தால் இருநூறு ரூபாய் மணியார்டர் மட்டும் தவறாமல் திண்டிவனம் போகிறது. பத்தாம் தேதிக்குள் சீனுவாசனின் ரசீது வந்துவிடும்: 'விடிவெள்ளி கால்பந்துக் கழகக் கைமாற்று வகையில் வரவு ரூ. 200.' ஞானராஜின் பழைய வாக்கியத்தையே பார்த்து எழுதுகிறார் போலிருக்கிறது. ஞானராஜ் ஒவ்வொரு மாசமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுதாகப் படிப்பார். இதுவரை ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை.