நிலைகொள்ளாத சிவப்பு

அந்தத் தங்கத் தகட்டைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டால் என்ன என்று தோன்றியது சின்னுவுக்கு. நகத்தளவு கண்ணாடி, அதன்மேல் தங்கப் பூச்சு, பூச்சு முழுக்க ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளைகள். அவ்வளவு சின்னத் துளையில் ஒளி நுழைவதே பெரும்பாடு. ஆனால் துளைகளைச் சரியான இடைவெளியில் வரிசையாக அடுக்கினால், உலோகப் பரப்பின் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலைந்து, தமக்குப் பிடித்த ஒரு நிறத்தை மட்டும் தாராளமாக மறுபக்கம் அனுப்பிவிடும். இவள் தகட்டுக்குப் பிடித்தது சிவப்பு.

கணினித் திரையின் வரைகோட்டில் அந்தச் சிவப்பு ஒரு முகடாகத் தெரியும். முகடு ஓரிடத்தில் நின்றால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடிந்தது. சனியன், நின்றால்தானே. அளக்கும்போதெல்லாம் நகர்ந்து தொலைத்தது. பேராசிரியரும் பொறுமை இழந்து, இன்று மாலைக்குள் நிற்காவிட்டால் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார்.

விளக்கை மாற்றியாயிற்று. தகட்டைக் கழுவியாயிற்று. பக்கத்து மேசை லேசர்க்காரர்தான் தொட்டிருப்பார் என்று அவரிடம் எரிந்து விழுந்ததில், அவர் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டார்.

அப்போது அம்மா போனில் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தகட்டின்மேல் குனிந்தபடியே சின்னு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பு எப்போதுதான் முடியும் என்ற வழக்கமான கேள்வி வந்தது. இவள் நீளமாக மூச்சை விட்டாள்.

"எதைக் கேட்டாலும் பெருமூச்சுதானா? போன்லயே அனல் அடிக்குதுடி."

முகடு நகர்ந்தது. மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது.

சின்னு போனை வைத்துவிட்டு, வேண்டுமென்றே தகட்டின்மேல் ஊதினாள். மறுபடியும் நகர்ந்தது. மூச்சின் ஈரம் துளைகளில் படிந்தால் தகட்டுக்குப் பிடித்த நிறம் மாறுகிறது, காய்ந்தால் பழையபடி. முகடு நகர்கிறதே என்று மூக்கு உரச உட்கார்ந்து இவள் விட்ட பெருமூச்சில்தான் இத்தனை மாதமும் அது நகர்ந்திருக்கிறது.

பேராசிரியரை அழைத்து வந்தாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். முகடு இம்மியும் அசையவில்லை.

அவர் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு சொன்னார்: "ஒரு கண்ணாடி மூடி போட்டு அளந்திருந்தா போன வருஷமே முடிச்சிருக்கலாமேம்மா."

ஆத்திரமும் அழுகையுமாக ஒரு பெருமூச்சு முட்டிக்கொண்டு வந்தது. சின்னு வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். கதவை நன்றாகச் சாத்திவிட்டு, நடைவழியில் நின்று, அந்தப் பெருமூச்சை விட்டாள்.