கப்பு இல்லாத ஆட்டம்

பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் அப்பா அழகுமுத்து ஆரம்பித்துவிட்டார்.

"தலவாக்கலையில ஹமீத் கடை மாடியில ஆம்பளைங்களோட பில்லியட்ஸ் வெளையாடுறதா கேள்விப்பட்டோம். நெசமா?"

"நெசந்தான் மாமா."

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "சும்மா இல்லீங்க. எங்க தனுஷிகா பெரிய சாம்பியன். கொழும்புக்குப் போயி கப்பு வாங்கப் போவுது," என்று அடித்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன கப்பு? பார்மசி வேலை முடிந்தால் நேரே அங்கேதான் போகிறேன், முக்கால்வாசி தோல்விதான். மழைக்காலத்தில் மேசைத் துணி ஈரம் குடித்துவிடும். கடைக்கார ஹமீத் நானா அயன் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தால்தான் பந்து ஒழுங்காக உருளும். அந்தச் சூட்டோடு குனிந்து அடித்தால், என் வெள்ளைப் பந்து சிவப்பைத் தொட்டு, அடுத்த வெள்ளையையும் தொடும். அந்த 'டக், டக்' சத்தம் இருக்கிறதே, அதற்காக யாரிடம் வேண்டுமானாலும் ஏச்சு வாங்கலாம்.

"கப்பும் இல்ல, கிப்பும் இல்ல மாமா. புடிச்சிருக்கு, வெளையாடுறேன்."

"அடேங்கப்பா! தோக்குறதுக்கா இவ்வளவு வாய்? கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் சரிப்படாது."

மாப்பிள்ளை திலக்ஷன் சிரித்தார். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. வந்ததிலிருந்தே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல்.

"விடுங்கப்பா. நானும் ஹட்டன்ல வெளையாடுறவன்தானே. ஒரு ஆட்டம் வைப்போம். என்னைய ஜெயிச்சா வெளையாடட்டும். தோத்தா விட்டுடணும்."

எல்லோர் முகமும் மலர்ந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "சரின்னு சொல்லு புள்ள. அவரே விட்டுக்குடுத்துடுவாரு."

"முடியாது," என்றேன்.

"ஏன், பயமா?" என்றார் திலக்ஷன்.

"நீங்க எப்பவாச்சும் தோத்திருக்கீங்களா?"

"தோக்காம? எத்தனையோ தடவ."

"அன்னைக்கெல்லாம் ஒங்கள யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

அழகுமுத்து மாமா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் வந்த வேன் போனதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல எடம்டி! அந்தக் குச்சியா ஒனக்குச் சோறு போடப் போவுது?"

"சோத்துக்குத்தான் வேலைக்குப் போறேன்ல."

அழுகை வந்தது. வரட்டும் என்று அழுதுகொண்டே தலவாக்கலை பஸ் ஏறினேன். அன்றைக்கும் தோற்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம் போடுங்க நானா," என்றேன்.