சிவப்பு நூல்

மறையூருக்கு மேலே உள்ள பீன்ஸ் ஆராய்ச்சிப் பண்ணையில் மாரீஸ்வரியின் கண்ணுக்குத் தனி மதிப்பு. பூ விடுவதற்கு முன்பே, எந்தச் செடி காய்த்துத் தள்ளும் என்று சொல்லிவிடுவாள். அதற்கு மட்டும் சிவப்பு நூல் கட்டுவாள். மற்றவற்றைப் பார்த்து, "இது தேறாது" என்பாள். மறுநாள் அவற்றை வேரோடு பிடுங்கிவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, புருஷன் சுடலைமணியின் மணிக்கட்டிலும் மகள் இந்துவின் மணிக்கட்டிலும் சிவப்பு நூல் இருந்தது. அவள் போடும் அதே இரட்டை முடிச்சு.

"யாருட்டி கட்டினா?"

"நீதானம்மா மத்தியானம் வந்து கட்டினே."

மத்தியானம் அவள் பண்ணையை விட்டு நகரவே இல்லை.

"உனக்குக் கட்டலையான்னு கேட்டேன். 'இது தேறாது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டே."

மாரீஸ்வரி தன் வெறுங்கையைப் பார்த்தாள். விடிந்தால் பிடுங்குகிற நாள்.