கோதண்டராமனின் பிரிண்டர்

அந்த வருஷம், 1998-இல், பெங்களூர் கலாசிபாளையத்து லாரி ஆபீஸ்கள் பலவும் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தன. கோதண்டராமனும் மாறியிருந்தார், ஆனால் அதை நம்பவில்லை. சரக்குச் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பாதி வரியில் நின்றால் அவர் பிரிண்டரைப் பார்க்க மாட்டார். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜோசஃபினைத்தான் பார்ப்பார்.

பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள் என்று அவள் கோடையிலேயே கேட்டிருந்தாள். அவள் கேட்ட பிறகுதான் அது அடிக்கடி நிற்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. கன்னடக்கார மெக்கானிக் கிருஷ்ணப்பாவும் இரண்டு தடவை வந்து மேலாகத் துடைத்துவிட்டு, புதுசே வாங்கிவிடலாம் என்று சொல்லிப் போனான். இருவருக்கும் விவேக் நகரில் வீடு. ஒரு மாலை பஸ் ஸ்டாப்பில் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கோதண்டராமன் ஆட்டோவிலிருந்து பார்த்துவிட்டார். அவருக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை காலை பிரிண்டர் மறுபடி நின்றது. வெளியே லாரிகள் சீட்டுக்காகக் காத்திருந்தன.

"கிருஷ்ணப்பாவுக்குப் போன் போட்டாச்சு. என் கண்ணு முன்னாடி திறக்கட்டும். யாராவது கை வெச்சிருந்தா தெரிஞ்சிடும்."

"யார் கை சார்?"

"தெரிஞ்சப்புறம் சொல்றேன். திங்கக்கிழமை நீ வரணுமா வேணாமான்னும் அப்பவே சொல்றேன்."

லாரி ஆபீஸ் பேச்சு தெருவுக்குத் தெரு ஓடும். மிஷினைக் கெடுத்தவள் என்று இங்கிருந்து அனுப்பினால், எதிர்வரிசையிலும் ஒருத்தரும் வேலை தர மாட்டார்கள். ஜோசஃபின் பேப்பரைக் கழற்றி வைத்தாள்.

கிருஷ்ணப்பா வந்து பிரிண்டரைத் திறந்தான். கோதண்டராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனப்பா, அந்த ஸ்க்ரூவை எங்க போடறே?"

"நிம்ம கையிலயே கொடுக்கறேன் சார். பாக்கெட் வேணும்னாலும் பாருங்க."

"பார்ப்பேன். அவசரப்படாதே."

எந்தப் பாகமும் மாற்றப்பட்டதாகத் தெரியவில்லை. அது அவருடைய சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்தது. எழுந்து பிரிண்டரைத் தானே தூக்கிக் கவிழ்த்து உலுக்கினார். மேஜைமேல் ஏதோ பொலபொலவென்று விழுந்தது.

அரிசி. மஞ்சள் தடவிய அரிசி. சில மணிகள் பல்சக்கரத்தில் நசுங்கி மாவாக அப்பியிருந்தன.

"அட்சதை சார். ஆயுத பூஜைக்குப் போட்டதா?" என்றான் கிருஷ்ணப்பா.

கோதண்டராமன் ஜோசஃபினைப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பார்க்கறீங்க? அன்னிக்கு நான் கவர் போட்டுத்தான் வெச்சிருந்தேன். மூடி வெச்ச மிஷினுக்கு என்ன பூஜைன்னு கவரை எடுத்தது நீங்க. கை நிறைய அள்ளிப் போட்டதும் நீங்கதான்."

கிருஷ்ணப்பா தலை நிமிராமல் பிரஷ்ஷால் சக்கரத்தைத் துடைத்தான். மூடி மாட்டியதும் பிரிண்டர் நிற்காமல் ஓடியது. ஆனால் எழுத்துகளின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு.

"எழுத்து அடிக்கிற ஹெட்டும் தேஞ்சிருக்கு, அது நிஜம். அதை மட்டும் மாத்தலாம். இல்லேன்னா புதுசு."

"போனது போகட்டும்மா," என்றார் கோதண்டராமன். குரலில் திடீரென்று ஒரு குழைவு. "நீ கேட்டபடி புதுசே வாங்கிடலாம். நாளைக்கே."

ஜோசஃபின் யோசித்தாள். நாளைக்குப் புதுப் பெட்டி வந்து இறங்கும். தெரு முழுக்கப் பார்க்கும். அதற்குள் இந்த அரிசி குப்பைக்குப் போயிருக்கும்.

"வேண்டாம் சார். ஹெட் மாத்துங்க. இதுலயே அடிக்கிறேன்."

"நீதானே கேட்டே?"

"கேட்டேன். இப்ப வாங்கினா நான் கெடுத்து வாங்கிக்கிட்டேன்னுதான் பேசுவாங்க. இது ஓடட்டும். ஏன் நின்னுதுன்னு கேக்கறவங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

பேப்பரை மாட்டி, முதல் டிரைவரை உள்ளே கூப்பிட்டாள்.

கோதண்டராமன் கிருஷ்ணப்பாவை வாசல்வரை கூட்டிப்போனார். பிரிண்டர் சத்தத்தில் உள்ளே கேட்காது என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு எதுக்கப்பா புதுசு வேண்டாங்குது? பழைய மிஷின்ல அவளுக்கு என்ன லாபம்?"